சான் எலோயில் காணாமல் போன கூரைகள்

5

சான் எலோய் காவல் நிலையத்தின் லாக்கப்புக்குக் கூரை கிடையாது. புயல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கம்பிக் கதவு மட்டும் பத்திரமாக இருந்தது. அதற்கு இரண்டு பூட்டு. மேலே திறந்த வானம், குறுக்கே ஒரு நீலத் தார்ப்பாய்.

"சுவர் ஏறிக் குதிச்சா வெளிய போயிடலாமே?" என்றான் கலோய்.

"போகலாம்," என்றார் சார்ஜெண்ட் கபாகோ, காபியை ஊதிக்கொண்டே. "எங்க போவான்? அவன் வீட்டுக்கும் கூரை இல்ல."

உள்ளே ஒரு காலி அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான் பொன்சியானோ. ஊர் அவனை சியானோ என்றுதான் கூப்பிடும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிவாரணக் கிடங்கின் காவல்காரன். அவன் காவலில் இருந்தபோதுதான் முந்நூறு கூரைத் தகரங்கள் காணாமல் போயின. பூட்டு உடையவில்லை. சுவர் இடியவில்லை.

கிரிசாந்தா பால்தோசா கம்பிக்கு வெளியே குந்தி உட்கார்ந்தாள். நகரத்துப் போலீஸில் பல வருஷம் துப்பறிந்துவிட்டு, பிறகு சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தவள். புயலுக்குப் பிறகு அந்த அலுவலகத்தில் மிஞ்சியது பெயர்ப்பலகை ஒன்றுதான். அது இப்போது யாரோ ஒருவரின் கோழிக்கூண்டுக்குக் கதவு. கலோய் அவளுடைய உதவியாளன், மோட்டார் சைக்கிள் ஓட்டுபவன், வாயை மூடத் தெரியாதவன்.

"என்னப்பா நடந்துச்சு?" என்றாள் கிரிசாந்தா.

"தூங்கிட்டேன்."

"பட்டப்பகல்ல?"

"ஆமா. மழை பெஞ்சுது. சுகமா இருந்துச்சு."

"சாவி?"

"இடுப்புல இருந்துச்சு."

"எந்திரிச்சப்போ?"

"இடுப்புலதான் இருந்துச்சு."

"தகரம்?"

"இல்ல."

"கொடுத்து வெச்ச தூக்கம்," என்றான் கலோய். "எனக்கெல்லாம் கொசு தும்மினாலே முழிப்பு வந்துடும்."

சியானோவின் விரல்களில் துணிக்கட்டு இருந்தது. கிரிசாந்தா அதையே பார்த்தாள்.

"கையில என்ன?"

"மத்தி மீன் டப்பா அறுத்துடுச்சு, அக்கா."

அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஒன்றரை மாதமாக ஊரே நிவாரண மத்தி மீனைத்தான் தின்றுகொண்டிருந்தது. பாதிரியார்கூடக் கட்டுப் போட்ட விரலோடுதான் ஆசீர்வாதம் செய்தார்.

வெளியே சியானோவின் மனைவி லூர்தினா காத்திருந்தாள். கிரிசாந்தாவைத் தேடிப் பிடித்து இந்த வழக்கைக் கையில் கொடுத்தவள் அவள்தான். வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிப் பலகாரத்தை இருவருக்கும் நீட்டினாள். கூலி என்று சொல்லவில்லை. ஆனால் அதுதான் கூலி.

"அவரு திருடல அக்கா. அடுத்தவன் குச்சியைக்கூட எடுக்க மாட்டாரு."

"யார் எடுத்தான்னு கண்டுபிடிச்சாதான் உன் புருஷன் வெளிய வர முடியும். அவனோ வாயத் திறக்க மாட்டேங்குறான்."

"நீங்க இருக்கீங்கல்ல," என்றாள் லூர்தினா. ஏனோ சொல்லும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

*

கிடங்கு, புயலுக்கு முன்னால் கொப்பரை மூட்டைகள் அடுக்கும் இடமாக இருந்தது. அலை வந்து மோதும் கல்சுவரின் மேலேயே கட்டியது. நிவாரண அமைப்பு வந்ததும் செய்த முதல் வேலை, இதற்குப் புதுத் தகரம் வேய்ந்ததுதான். ஊரில் வெயில் பட்டால் கண்ணைக் கூசவைக்கும் ஒரே கூரை இது.

பொறுப்பாளர் பொறியாளர் அர்னுல்போ வில்யாரின். மணிலாக்காரர். வந்த நாளாக ஒழுங்காகத் தூங்காத முகம். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. சிரித்துப் பார்த்ததாகவும் யாரும் சொன்னதில்லை.

"நாளைக்கு மதியத்துக்குள்ள நான் தலைமை அலுவலகத்துக்குப் பதில் சொல்லணும்," என்றார். "இல்லன்னா அடுத்த சரக்குப் படகைப் பக்கத்து ஊருக்குத் திருப்பிடுவாங்க. மேட்டுல இருக்கற எண்ணூறு வீட்டுக்கு அதுலதான் கூரை வருது."

"நீங்க தேடிப் பாத்தீங்களா?"

"மாதா கோவில் மணிக்கூண்டுல ஏறி பைனாகுலர் வெச்சுப் பாத்தேன். மொத்த ஊரையும். இந்தக் கிடங்கைத் தவிர புதுத் தகரம் ஒண்ணுகூடக் கண்ணுல படல. எல்லாம் தார்ப்பாய். ஊரை விட்டு வெளிய போயிடுச்சு மேடம். இந்நேரம் எந்தத் தீவுல வித்துத் தின்னானோ."

"தகரம் தவிர வேற என்ன காணோம்?"

"வேற ஒண்ணும் பெருசா இல்ல. கூரை ஆணி நாலு பெட்டி."

கிரிசாந்தா தரையில் கிடந்த ஒரு ஆணியைப் பொறுக்கி விரல்களுக்கு நடுவே உருட்டினாள். அவள் எதையாவது உருட்டினால் கலோய்க்குக் கை பரபரக்கும்.

"என்ன அக்கா?"

"விக்கறவன் தகரத்தை மட்டும் எடுப்பான். ஆணியை யார் எடுப்பா?"

"வேயறவன்."

"அப்போ தகரம் ஊரை விட்டுப் போகல. எங்கேயோ கூரையா உக்காந்துருக்கு."

"எங்கே மேடம்?" என்றார் வில்யாரின், கொஞ்சம் எரிச்சலோடு. "முந்நூறு தகரம். வெயில்ல மின்னும். மணிக்கூண்டுலேருந்து ஒரு கோழி ஓடறதுகூடத் தெரியுது."

"கோழிக்கு ஒளியத் தெரியாது சார்," என்றான் கலோய்.

கிரிசாந்தா வாசலில் வந்து நின்றாள். கிடங்கை ஒட்டி, கடலோரமாக, மீனவர் குடிசைகள் வரிசையாக நீண்டிருந்தன. எல்லாவற்றின் மேலும் நீலத் தார்ப்பாய். முன்னால் ஒரு தென்னை மொட்டையில் ஆணியடித்த பலகை: 'கடலிலிருந்து நாற்பது மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது.' புயலுக்குப் பிறகு அந்தக் கரையில் நிமிர்ந்து நின்ற பொருள் அது ஒன்றுதான்.

"இவங்களுக்குத் தகரம் கிடையாதா?"

"விதியில இடமில்ல மேடம். மறுபடியும் கடல் பொங்கினா யார் பொறுப்பு? வேற இடம் தர்றதா நகரசபை சொல்லியிருக்கு. அதுவரைக்கும் தார்ப்பாய்."

"வேற இடம் எங்க?"

"பாத்துட்டு இருக்காங்க."

"கிடங்குக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க. முந்நூறு தகரம் போற சத்தம் காதுல விழுந்திருக்கணும். கேட்டுட்டு வர்றேன்."

*

கரைப் பகுதியின் தலைவி தோமாசா. ஊர் வழக்கப்படி எல்லோரும் 'கேப்டன்' என்று கூப்பிட்டார்கள். கப்பலுக்குத் தலைவி என்று சொன்னாலும் நம்பக்கூடிய உடம்பு, அதற்கேற்ற குரல்.

"வாங்க, வாங்க! உக்காருங்க! தம்பி, அந்த ஸ்டூல் ஆடும், பாத்து."

கலோய் உட்கார்ந்தான். ஸ்டூல் ஆடியது. காபி வந்தது. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு வந்தது. பக்கத்து வீட்டு ஆண்கள் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். எல்லோர் விரலிலும் கட்டு.

"இங்கயும் மத்தி மீனா?" என்றாள் கிரிசாந்தா.

"ஐயே, அதை யார் திம்பா?" என்றாள் தோமாசா. "போன வாரமே புதுப் படகு கொடுத்துட்டாங்க. நாங்க தினமும் நல்ல மீன் திங்கறோம். டப்பாவை எல்லாம் மேட்டு ஜனங்களுக்கே கொடுத்துட்டோம்."

சொல்லிவிட்டு ஆண்களின் கையைப் பார்த்தாள். ஆண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

கிரிசாந்தா காபியைக் குடித்தாள். "தகரம் காணாம போன அன்னிக்கு ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல. அன்னிக்குச் செம மழை."

"ஒரு தகரத்தை நகர்த்தினாலே ஊருக்கே கேக்கும். முந்நூறு போயிருக்கு."

"நாங்க காது மந்தமான குடும்பம்," என்றாள் தோமாசா.

அப்போது தெற்கே கடல் கறுத்தது. தோமாசா எட்டி வானத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த உபசாரம் அப்படியே மறைந்தது.

"சரி, கிளம்புங்க."

"கிழங்கு இன்னும் இருக்கே," என்றான் கலோய்.

"கையில எடுத்துக்கோ. வழியில தின்னு. மழை வருது, தார்ப்பாய் ஒழுகும், நனைஞ்சு போயிடுவீங்க."

"வெளிய போனா மட்டும்?"

"அது நல்ல மழைத் தண்ணி, உடம்புக்கு நல்லது. கிளம்பு தம்பி."

மழை வரும்போது முன்பின் தெரியாத ஆளையும் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிற ஜனங்கள். இவள் வந்த விருந்தாளியை மழைக்குள் தள்ளுகிறாள். கிரிசாந்தா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்திருப்பதற்குப் பதிலாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"எனக்கு முட்டி வலி. மழை விட்டதும் போறேன்."

"ஐயோ, வேணாம்..."

தோமாசா சொல்லி முடிக்கவில்லை. மழை கொட்டியது.

தார்ப்பாயில் மழை விழுந்தால் பொத்துப் பொத்தென்று ஒரு மந்தமான சத்தம் வரும். ஒன்றரை மாதமாக அந்த ஊரில் எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சலித்த சத்தம் அது. இந்த வீட்டின் நீலத் தார்ப்பாயில் மழை விழுந்தபோது ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தகர டப்பாவைத் தட்டுவது மாதிரி கேட்டது. பக்கத்து வீட்டில் அதே சத்தம். அதற்குப் பக்கத்து வீட்டிலும். கரை முழுக்கத் தடதடத்தது.

"கேப்டன்!" என்று கத்தினாள் கிரிசாந்தா. "என்ன சத்தம்?"

"என்ன?"

"சத்தம்!"

"புதுத் தார்ப்பாய்! அப்படித்தான் இருக்கும்!"

"என்ன?"

"புதுசு! புதுசு!"

கலோய் ஸ்டூலின் மேல் ஏறி, தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். ஸ்டூல் ஆடியது. அவன் இறங்கவில்லை.

"அக்கா!" என்று கத்தினான். "கோழி கிடைச்சிடுச்சு!"

*

தோமாசா அழவில்லை. மழை கொஞ்சம் தணிந்ததும் புதிதாகக் காபி போட்டாள். இப்போது துரத்துவதற்கு ஒன்றும் இல்லை என்பதால் உபசாரம் திரும்பி வந்திருந்தது.

"கையைப் பாத்தீங்களே, அப்பவே தெரிஞ்சிடுச்சா?"

"சந்தேகம் வந்துச்சு. தகரத்தோட ஓரம் கத்தி மாதிரி. தூக்கத் தெரியாதவங்க கையை அறுத்துடும். சரி, கிடங்கைத் திறந்தது யாரு? பூட்டு உடையலையே?"

தோமாசா காபியைக் கலக்கினாள். கலக்கிக்கொண்டே இருந்தாள்.

கிரிசாந்தாவுக்குப் புரிந்தது. புரிந்தது பிடிக்கவில்லை. இவ்வளவு நேரம் அவள் அலைந்தது சியானோ நிரபராதி என்று காட்டுவதற்கு.

"அவனேதான் திறந்தானா?"

"அவனேதான். மொதல் தகரக் கட்டைத் தோள்ல தூக்கிட்டு வந்ததும் அவன்தான்."

"ஏன்?"

வாசலோரமாக ஒரு இளம்பெண் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தோமாசா அவள் பக்கம் பார்க்காமலே குரலைத் தாழ்த்தினாள்.

"அது மரிலூ. கடைசி வீடு, கிடங்குச் சுவரை ஒட்டி. கைக்குழந்தை இருந்துச்சு. ஜோவன்னு பேரு. தார்ப்பாய் கிழிஞ்சு மேல தண்ணி ஊத்துது, பிள்ளைக்குச் சளி கட்டி மூச்சு இழுக்குது. இவ புருஷன் சியானோகிட்டப் போய், ஒரே ஒரு தகரம் கொடு, பிள்ளை படுக்கற இடத்துக்கு மட்டும்னு கேட்டான். சியானோ, விதி இடம் கொடுக்காது, நீங்க நாற்பது மீட்டர் கோட்டுக்கு உள்ள இருக்கீங்க, கொடுத்தா வேலை போயிடும்னு சொல்லி அனுப்பிட்டான். அவனும் பாவம், சொல்றதைச் செய்யறவன். பிள்ளை ரெண்டு நாள் இழுத்துச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் முந்நூறு தகரத்துக்கு நடுவுல உக்காந்து அவன் இதெல்லாம் கேட்டுட்டு இருந்தான். இவ அழுததையும் கேட்டான். அடக்கம் முடிஞ்சு நாங்க திரும்பி வர்றோம், மழை கொட்டுது, அவன் கதவைத் தொறந்து வெச்சுட்டு நிக்கறான். எடுத்துட்டுப் போங்கன்னான்."

கலோய் கிழங்கைக் கீழே வைத்தான்.

"தார்ப்பாயை மேல போத்தினது?"

"அது நான்," என்றாள் தோமாசா. "அந்த மணிலாக்காரர் மணிக்கூண்டுல ஏறுவார்னு தெரியும். எல்லாரும் போய் நாங்கதான் எடுத்தோம்னு சொல்றோம்னு சொன்னோம். சியானோ ஒத்துக்கல. சொன்னா தகரத்தைப் பிடுங்கிடுவாங்க, வாயை மூடிட்டு இருங்கன்னுட்டான்."

"லூர்தினாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு என்னைத் தேடி வந்தா?"

தோமாசா கொஞ்சம் சங்கடப்பட்டாள். "கண்டுபிடிக்காம விட்டா நகரத்துலேருந்து பெரிய போலீஸ் வந்துடும்னு சார்ஜெண்ட் சொன்னாரு. அதான் யாராவது ஒருத்தர் துப்பறிஞ்சுட்டே இருந்தா அவங்க வர மாட்டாங்களேன்னு... நீங்க ரொம்ப நாள் எடுத்துக்குவீங்கன்னு கேள்விப்பட்டோம்."

கலோய் அன்றைக்கு முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு இருந்தான். ஆனால் தோள் குலுங்கியது.

"சிரிச்சா நடந்து வரணும்," என்றாள் கிரிசாந்தா. "வண்டிச் சாவி என்கிட்ட இருக்கு."

*

மறுபடியும் மழை பிடித்தபோது அவர்கள் கிடங்கில் இருந்தார்கள். புதுக் கூரை தடதடத்தது. வில்யாரின் காதில் விழ வேண்டுமென்று கிரிசாந்தா எல்லாவற்றையும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. யார் திறந்தது, யார் எடுத்தது, எங்கே இருக்கிறது. எதையும் மறைக்கவில்லை.

அவர் நெற்றியைத் தேய்த்தார். "எனக்கு வேற வழியில்ல மேடம். கழட்டித்தான் ஆகணும். கோட்டுக்குள்ள தகரம் இருக்கக் கூடாது."

"இந்தக் கிடங்கு கோட்டுக்குள்ள இல்லையா சார்?" என்றான் கலோய். "கதவுலேருந்து துப்பினா கடல்ல விழுது."

"இது வேற. இது சரக்கு வைக்கற இடம். மனுஷங்க தூங்கற இடமில்ல. சரக்கு நனையக் கூடாது இல்லையா?"

"நனையக் கூடாதுதான்."

கூரை சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. வில்யாரின் தான் சொன்னதையே திரும்பக் கேட்டுக்கொண்டவர் மாதிரி நின்றார்.

"குழந்தை செத்துச்சுன்னு யாரும் என்கிட்ட சொல்லல," என்றார்.

"யார் சொல்லுவா? விதி தெரிஞ்ச ஜனங்க," என்றாள் கிரிசாந்தா.

"எந்த வீடு?"

அவள் சுவரைக் காட்டினாள். அவர் தினமும் நாற்காலி போட்டு உட்காரும் சுவர்.

வில்யாரின் குடையை எடுக்காமல் வெளியே போனார்.

அவர் போன வேகத்தைப் பார்த்து, தகரத்தைப் பிடுங்கத்தான் போகிறார் என்று நினைத்து, கரையில் ஆண்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். தோமாசா நடுவில் நின்றாள். அவளை மோதாமல் தாண்டிப் போக வழியில்லை. அவர் நின்றார்.

"ஏணி இருக்கா?" என்றார்.

யாரும் நகரவில்லை.

"ஏணி கொடுங்க."

கலோய்தான் ஏணியைக் கொண்டுவந்தான். வில்யாரின் கடைசி வீட்டின் மேல் ஏறினார். தார்ப்பாயை உருவிக் கீழே போட்டார். கூட்டத்தில் ஒரு முனகல். அவர் மண்டியிட்டு, தகரத்தைத் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"யாரு இதை அடிச்சது?"

கீழே ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பள்ளத்துல ஆணி அடிச்சிருக்கீங்க! தண்ணி ஓடற பள்ளத்துல! நெளியோட மேட்டுல இல்ல அடிக்கணும்? இப்படி அடிச்சா தகரம் போட்டும் ஒழுகத்தான் செய்யும். அடுத்த காத்துல பறந்துடும். பறந்து எவன் கழுத்துல விழும்னு யாருக்குத் தெரியும்? சுத்தியல் எங்க?"

சுத்தியல் வந்தது. அவர் ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினார். பிடுங்கிய இடத்துக்குத் தார் பூசச் சொன்னார். மேட்டில் புதிதாக அடித்தார். மழையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பக்கத்துக் கூரைகளில் ஆண்கள் ஒவ்வொருவராக ஏறி, அவர் அடிப்பதைப் பார்த்து அடித்தார்கள்.

செய்தி கேட்டு சார்ஜெண்ட் கபாகோ வந்து சேர்ந்தார். கூடவே சியானோ. தனியாக விட்டுவிட்டு வர மனசில்லை என்றார் சார்ஜெண்ட்.

"சார்!" என்று அண்ணாந்து கத்தினார். "திருட்டுப் பொருள் கிடைச்சிடுச்சுன்னாங்களே?"

"பொருள் எல்லாம் ஊருக்குள்ளதான் இருக்கு. ஒண்ணும் வெளிய போகல. புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். படகு இங்கேயே வரும்."

"தலைமை அலுவலகத்துல கேட்டா?"

"நான்தான் வேயச் சொன்னேன்னு சொல்லுவேன். நானேதான் வேஞ்சிட்டு இருக்கேன். பாக்கறீங்கல்ல?"

சார்ஜெண்ட் பார்த்தார். மறுக்க முடியாத சாட்சியம்.

"உங்க வேலை போயிடுமே சார்?"

"போகலாம்," என்றார் வில்யாரின். பிறகு சியானோவைப் பார்த்தார். "உன்னோடது போயிடுச்சு. காவல்காரன் கதவைத் திறந்து விட்டா, அப்புறம் அவனை வெச்சிருக்க முடியாது."

"தெரியும் சார்," என்றான் சியானோ.

"தெரிஞ்சா ஏன் நிக்கறே? அந்தப் பக்கம் ஏறு. மேட்டுல அடி."

கிரிசாந்தா தோமாசாவின் வாசலில் உட்கார்ந்து மீதிக் கிழங்கைத் தின்றாள். முட்டி நிஜமாகவே வலிக்க ஆரம்பித்திருந்தது.

ஏணியின் நடுப்படியில் மரிலூ நின்று, பெட்டியிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வில்யாரினிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் வாங்கி வாங்கி அடித்தார். யார் கை என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இது யார் வீடும்மா?"

"என்னோடது சார்."

சுத்தியல் நின்றது. அவர் அவளைப் பார்த்தார். முகத்தில் வழிந்த மழையைப் புறங்கையால் துடைத்தார்.

மரிலூ அடுத்த ஆணியை நீட்டினாள். கடலைப் பார்த்த மூலையை முகவாயால் காட்டினாள்.

"அந்த மூலையிலதான் சார் ஜாஸ்தி ஒழுகும். அவன் அங்கதான் தூங்குவான்."

வில்யாரின் அந்த மூலைக்குத் தவழ்ந்து போனார். மற்ற இடத்தில் இரண்டு ஆணி அடித்தவர், அங்கே நாலு அடித்தார். பிறகு நனைந்த உள்ளங்கையால் தகரத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னொன்று கேட்டுக் கையை நீட்டினார்.